சாதி நாயும் சான்றிதழும்

ஈழத்துத் தமிழரின் நாவிலே மிக இயல்பாக வழங்கிவரும் தொடர்களுள் 'சாதி நாய்' என்பதும் ஒன்றாகும். மேனாட்டு இனத்தைச் சேர்ந்த, விலைகொடுத்து வாங்கப்பட்ட, வீட்டு வாயிலிற் சங்கிலியிட்டுக் கட்டப்பட்ட நாய் சாதி நாய். படலைக்கு வெளியே படுத்திருந்து, எறிந்த எச்சிலை உண்டு, ஒழுங்கை முழுவதற்கும் கூலியின்றிக் காவல் செய்வது ஊர் நாய். இவ்விரண்டுக்கும் கீழே இன்னுமொரு சொல் உண்டு. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தாரின் பெயரை நாய்க்கு இட்டு, அந்த நாயின் பெயரை வசையாக மீண்டும் மனிதர்மேல் எறியும் அச்சொல்லை ஈண்டு எடுத்தெழுத வேண்டியதில்லை. ஆங்கிலேயரும் அக்கூட்டத்தாரின் பெயரைத் தமிழிலிருந்தே கடன்கொண்டு, ஆசியத் தெருநாய்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக்கித் தம் அகராதியிலே சேர்த்துக்கொண்டனர். மனிதரிடையே சாதியை ஒழிக்க வேண்டுமென மேடைதோறும் முழங்குவோர் வீட்டிலும் நாய்க்குச் சாதி கேட்கப்படுகின்றது. கேட்பதில் எவர்க்கும் கூச்சமில்லை.

இக்கூச்சமின்மை வெறுஞ் சொல்லளவில் நின்றிருப்பின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அது சந்தைக்குள் நுழைந்து ஒரு வணிகமாகி, அவ்வணிகம் வாய்பேசாத உயிர்களின் எலும்பிலும் மூச்சிலும் கண்ணிலும் கைவைத்திருப்பதே இங்கு எதிர்க்கப்பட வேண்டியது.

பத்திரிகையின் சிறுவிளம்பரப் பகுதியையோ, இக்காலக் கைத்தொலைபேசித் திரையையோ நோக்குவோர்க்கு ஒன்று தெளிவாகும். அல்சேஷியன் குட்டி, லபிறடோர் குட்டி, பொமறேனியன் குட்டி, பாரசீகப் பூனைக்குட்டி; நிறம் இன்னது; வயது இத்தனை கிழமை; 'பேப்பர்' உண்டு; விலை இவ்வளவு. தாய் எங்கே இருக்கின்றது என்பது சொல்லப்படுவதில்லை. தாய்க்கு வயதென்ன, இஃது எத்தனையாவது ஈற்று, தந்தைக்கும் தாய்க்கும் உறவு யாது, அவற்றின் இடுப்பு மூட்டும் கண்ணும் இதயமும் எவ்வாறுள்ளன என்பனவும் சொல்லப்படுவதில்லை. விற்பவர் சொல்லாமைக்குக் காரணம் எளிது. வாங்குபவர் கேட்பதில்லை.

பசு வாங்கப் புறப்படும் கமக்காரனோடு இவரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; மடியைத் தடவிப் பார்க்கிறான்; எத்தனையாவது கன்று, தாய்ப்பசு வேளைக்கு எவ்வளவு கறந்தது, ஈன்றபோது இடர்ப்பட்டதா என வினவுகிறான்; சுழி பார்க்கவும் தவறுவதில்லை. சுழி பார்ப்பது மூடநம்பிக்கையாக இருக்கலாம். ஆயினும் பார்த்தே வாங்குவேன் என்னும் நிதானம் மூடநம்பிக்கையன்று. பட்டமும் பதவியும் பெற்ற நகரத்தவரோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தம்மோடு வாழப்போகும் ஓர் உயிரைப் புகைப்படத்தைப் பார்த்து வாங்குகின்றார்; பணத்தை வங்கியிலிட்டு, பஸ் நிலையத்திலே கடதாசிப் பெட்டிக்குள் வைத்து அதனைப் பெற்றுக்கொள்கின்றார். சவர்க்காரம் வாங்குவதிற்கூட இதனினும் கூடிய ஆராய்ச்சி உண்டு.

'தூய இனம்' என்று இன்று பேசப்படும் கருத்து தொன்மையானதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. வேட்டுவரின் நாய் சங்கச் செய்யுள்களிலே குறிஞ்சி நிலத்தைச் சுற்றிவருகின்றது. நாயின் நன்றியை நட்புக்கு உவமையாக்கி நாலடியார் யானையினும் அதனை உயர்த்துகின்றது. பாரதத்திலே தருமனைத் தொடர்ந்து மேலுலக வாயில்வரை செல்வதும் ஒரு நாயே. அவற்றுள் எதற்கும் எவரும் பட்டயம் கேட்கவில்லை. ஓடும் நாயை ஓடும் நாயோடும், காக்கும் நாயைக் காக்கும் நாயோடும் சேர்த்தனர். தொழிலே அளவுகோலாக இருந்தது. தொழிலிற் பிழைத்தது இனம் பெருக்கவில்லை.

அளவுகோல் மாறியது விக்டோரியா காலத்து இங்கிலாந்திலே. 1859 இல் நியூகாசில் நகரில் வேட்டைநாய்களுக்கான கண்காட்சியொன்று நடைபெற்றது. 1873 இல் லண்டனிற் கெனல் கிளப் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே நாய்களின் வமிசாவளி ஏடு அச்சேறியது. நாய் ஓடுமா, காக்குமா என்னும் கேள்வி பின்தள்ளப்பட்டு, அதன் காதும் வாலும் முகமும் எழுதிவைத்த இலக்கணத்துக்கு அமைகின்றனவா என்பதே கேள்வியாயிற்று. ஏட்டிற் பெயருடைய இரு நாய்களுக்குப் பிறந்ததே ஏட்டிற் பெயர்பெறலாம் என்ற விதி காலப்போக்கில் இறுகியது. நிலப்பிரபுக்களின் குலமுறைக் கிழத்தி மரபும், புதிதாகப் பணம் சேர்த்த நடுத்தர வர்க்கத்தின் பெருமை வேட்கையும் ஒன்றுகூடிப் பெற்ற பிள்ளை அவ்விதி எனலாம். வமிசாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சு மொழியிற் 'கொக்கின் கால்' எனப் பொருள்படும் தொடரினின்றும் பிறந்தது. குலமுறைப் பட்டியலிற் கிளைபிரியும் கோடுகள் கொக்கின் பாதம்போற் தோன்றியமையே காரணம். மனித இனத்தைத் தெரிவுசெய்து 'மேம்படுத்த' வேண்டுமெனக் கூறி, அதற்கென 1883 இல் ஒரு பெயரையும் ஆக்கித்தந்த பிரான்சிஸ் கால்ற்றன், 1897 இல் தம் பரம்பரைக் கொள்கைக்குச் சான்று தேடியது பாசெற் வேட்டைநாய்களின் வமிசாவளியிலே என்பது தற்செயலன்று. நாயின் சாதியும் மனிதனின் சாதியும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டன.

மூடிய ஏடு செய்யும் வேலையை எண்கணிதத்தால் விளக்கலாம். ஒரே பெற்றோர்க்குப் பிறந்த கடுவனையும் பெட்டையையும் இணைத்தால், பிறக்கும் குட்டியின் பரம்பரை அலகுச் சோடிகளுள் நூற்றுக்கு 25 பங்கு ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக அமையும் எனக் கணக்கிடப்படுகின்றது. தந்தையையும் மகளையும் இணைப்பினும் அதே அளவு. பாட்டனையும் பேத்தியையும் இணைப்பின் பன்னிரண்டரை. மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய தமிழர்க்கு ஒப்புநோக்கக் கூறுவதாயின், மச்சானும் மச்சாளும் மணப்பதில் இது ஆறேகால் மட்டுமே. அதற்கே இன்றைய வைத்தியர்கள் எச்சரிக்கை கூறுகின்றனர். மறைந்திருக்கும் ஊறு ஒன்று வெளிப்படுவதற்கு இரு பக்கத்தாலும் அதே பிரதி வந்து சேர்தல் வேண்டும். நெருங்கிய உறவிலே அது வந்து சேர்வதற்கான வாய்ப்பு மிகுகின்றது. இதனோடு மற்றொரு வழக்கமும் சேர்கின்றது. கண்காட்சியில் வென்ற கடுவனிடமே எல்லோரும் தத்தம் பெட்டையைக் கொண்டுசெல்வர். அக்கடுவன் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகும். அதன் இரத்தத்தில் ஊறிருப்பின் இரண்டு தலைமுறைக்குள் அவ்வினம் முழுவதும் அதனைச் சுமக்கும். 2008 இல் வெளியான ஆய்வொன்று பிரித்தானியாவிலுள்ள ஏறத்தாழ 20,000 பொக்ஸர் நாய்களைக் கணக்கிலெடுத்து, அவற்றின் பரம்பரை வேறுபாடு வெறும் 70 நாய்களுக்குரிய அளவினதே எனக் காட்டியது. எண்ணிக்கை இருபதாயிரம், உள்ளே இருப்பதோ ஒரு சிற்றூரின் உறவுக் கூட்டம்.

அதே 2008 இல் பிபிசி தொலைக்காட்சி வமிசாவளி நாய்களின் அவலத்தைக் காட்டும் விவரணப் படமொன்றை ஒளிபரப்பியது. கவாலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்னும் அழகிய சிறுநாய் அதிற் காட்டப்பட்டது. மூளைக்குப் போதிய இடமில்லாத மண்டையோட்டை அவ்வினத்தார் விளைவித்திருந்தனர். மூளைத்தண்டுப் பாய்பொருளின் ஓட்டம் தடைப்பட்டு முண்ணாணிற் குழிகள் தோன்ற, நாய் நோவினால் முறுகிக் கத்தியது. இங்கிலாந்து அதிர்ந்தது. மறு ஆண்டு கிறவ்ற்ஸ் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. 2009 முதல் தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், சகோதரங்களுக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை எனக் கெனல் கிளப் விதித்தது. இங்கு ஒருகணம் நிற்றல் நன்று. அவ்வாண்டு வரையிலும், அத்தகைய சேர்க்கையிற் பிறந்த குட்டிக்கும் முத்திரையிட்ட சான்றிதழ் கிடைத்து வந்தது என்பதே இதன் பொருள். சான்றிதழைக் கண்டதும் கண்மூடிப் பணத்தை எண்ணிக்கொடுப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. சான்றிதழ் குட்டியின் பெற்றோர் யாவர் என்று கூறும். அப்பெற்றோர் நலமுடையனவா என்று கூறாது.

தூய்மை என்னும் பித்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு டல்மேஷியன் நாயின் கதையை விடச் சிறந்த சான்று இல்லை. வெள்ளை உடலிற் கரும்புள்ளிகள் இட்ட இந்நாயைச் சிறுவர் படங்களின் வழியாக உலகமே அறியும். ஏனைய நாய்களிலே உடலில் உண்டாகும் யூரிக்கமிலத்தின் பெரும்பகுதியை ஈரல் உள்ளெடுத்து, எளிதிற் கரையும் வேறு பொருளாக மாற்றிவிடும். டல்மேஷியனின் ஈரல் அதனை உள்ளெடுக்கமாட்டாது. எனவே அவ்வமிலம் சிறுநீரிலே மிகுந்து கல்லாகி, குறிப்பாகக் கடுவன்களின் சிறுநீர்வழியை அடைத்துவிடும். இவ்வூறு பின்னிடைவானது, நல்ல பிரதி ஒன்றேனும் இருப்பின் நோய் தோன்றாது. ஆனால் தூய டல்மேஷியன் அனைத்தும் இரண்டு பிரதிகளையும் ஊறுபட்டனவாகவே கொண்டிருந்தன. ஏட்டிற் பெயருடைய நாய்களை எவ்வளவு கவனமாகத் தெரிந்து இணைத்தாலும் ஓட்டைச் சட்டியால் ஓட்டைச் சட்டியை அடைப்பது போலாகும்.

1973 இல் அமெரிக்கப் பிறப்புரிமையியல் அறிஞரான றொபேட் ஷைபிள் எளிய வழியொன்றைக் கண்டார். டல்மேஷியனைப் பொயின்ரர் என்னும் வேட்டைநாயோடு ஒருமுறை மட்டும் இணைத்தார். பிறந்தவற்றுள் நல்ல பிரதியைப் பெற்றவற்றை மீண்டும் மீண்டும் டல்மேஷியனோடே இணைத்தார். ஐந்தாந் தலைமுறையில், பொயின்ரரின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்றாகத் தேய்ந்துவிட்டது. புள்ளியும் உருவும் டல்மேஷியனுடையவை. சிறுநீரிற் கல் விளைவிக்கும் ஊறு மட்டும் இல்லை. 1981 இல் அமெரிக்கக் கெனல் கிளப் அவ்வழியில் வந்த இரு நாய்களைப் பதிவுசெய்தது. உடனே டல்மேஷியன் உரிமையாளர் சங்கத்தாரிடையே கூக்குரல் எழுந்தது. கலப்பு இரத்தம் புகுந்துவிட்டதாம்! இனம் மாசுபட்டுவிட்டதாம்! பதிவு நிறுத்தப்பட்டது. ஊறுபட்ட அலகு எது என்பதை 2008 இல் விஞ்ஞானிகள் துல்லியமாக இனங்கண்டனர். இங்கிலாந்து 2010 இலும் அமெரிக்கா 2011 இலும் அந்நாய்களுக்கு வாயிலைத் திறந்தன. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிலே பிறந்த டல்மேஷியன்கள், தவிர்த்திருக்கக்கூடிய ஊற்றைத் தூய்மையின் பெயராற் சுமந்தே பிறந்தன. தூய்மையைக் காத்தவர்கள் எவரும் கல்லடைப்பினால் வருந்தவில்லை.

டல்மேஷியனின் நோய் உள்ளே மறைந்திருப்பது. வேறு சில இனங்களிலோ நோயே அழகென விற்கப்படுகின்றது. புல்டோக் ஒரு காலத்திற் காளையோடு பொருதவிடப்பட்ட நாய். 1835 இல் அக்கொடுமை சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னர், வேலையிழந்த அந்நாயைக் கண்காட்சிக்காரர் கையேற்றனர். பழைய ஓவியங்களில் அதற்கு முகவாய் உண்டு. இன்று அது முகத்துக்குள்ளே மடங்கிவிட்டது. தலை பெருத்து இடுப்பு ஒடுங்கியமையால் அதனால் இயற்கையாக ஈன முடிவதில்லை. 2010 இல் வெளியான பிரித்தானிய ஆய்வின்படி புல்டோக் ஈற்றுகளுள் நூற்றுக்கு 80 இற்கும் மேற்பட்டவை வயிற்றைக் கீறியே எடுக்கப்பட்டன. மருத்துவரின் கத்தியின்றி அடுத்த தலைமுறை தோன்றமாட்டாத உயிரை 'உயர்ந்த இனம்' என அழைப்பதற்கு மொழி இடந்தருமாயின், பழுது மொழியிலே உள்ளது.

இத்தகைய தட்டை முக நாய்களைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுவருவது வேறொரு வகைக் கொடுமை. நாய்க்கு மனிதரைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்து, மூக்கினதும் வாயினதும் ஈரத்தை ஆவியாக்கியே அது தன்னைக் குளிர்விக்கின்றது. அதற்கு வேண்டிய நீண்ட மூக்கறையைப் பறித்துவிட்டு, ஓரடிக்கு ஒருமுறை குறட்டை விடுவதைக் கண்டு 'என்ன வடிவு' என்று கொஞ்சுவோர், நண்பகல் வெயிலிலே தாமே ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒழுங்கை முனைவரை ஓடிப் பார்ப்பின் உண்மை புலனாகும். சைபீரியப் பனியிற் சறுக்குவண்டி இழுத்த நாயை வாங்கிக் குளிரூட்டிய அறைக்குள் அடைப்போரைப் பற்றிக் கூறவேண்டியதே இல்லை. மின்வெட்டு நேரத்தில் அந்நாய்க்கு அவர்கள் கூறும் சமாதானம் யாதோ?

பூனையும் தப்பவில்லை. பாரசீகப் பூனைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சிறுநீரகத்திலே நீர்க்கட்டிகள் தோன்றிப் பெருகும் பரம்பரை நோயைச் சுமந்திருந்தமை பல நாடுகளின் ஆய்வுகளிற் புலப்பட்டது. இந்நோய் ஆட்சியுடையது, தாய் தந்தையருள் ஒன்றுக்கு இருந்தாற் போதும், குட்டிகளுட் பாதிக்கு வருமென எதிர்பார்க்கலாம். 2004 இல் அதற்குரிய அலகு இனங்காணப்பட்டுவிட்டது. கன்னத்திலிருந்து எடுக்கும் ஒரு துடைப்பினால் அதனைப் பரிசோதித்து, நோயுடையவற்றை விலக்கின், ஒரே தலைமுறையில் ஒரு பூனைக்குடும்பத்தை அந்நோயிலிருந்து விடுவிக்க முடியும். இவ்வளவு எளிதான காரியத்தைச் செய்யாது குட்டி விற்பவரை என்ன பெயரால் அழைப்பது? மடிந்த காதுடைய ஸ்கொட்டிஷ் போல்ட் என்னும் பூனையின் நிலை இதனிலும் கேடு. 1961 இல் ஸ்கொட்லாந்துப் பண்ணையொன்றிற் காணப்பட்ட ஒரு வெள்ளைப் பூனையினின்றும் வந்த இனம் அது. காதை மடியச்செய்வது கசியிழையத்தின் ஊறு. அவ்வூறு காதோடு நில்லாது வாலையும் காலையும் தாக்கி மூட்டுகளை இறுக்கும். எனவே பிரித்தானியப் பூனைச் சங்கம் 1970களிலேயே அதன் பதிவை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் படங்கள் இன்று கைத்தொலைபேசிதோறும் வலம்வருகின்றன. படத்தைக் கண்ட பிள்ளை கேட்கின்றது. பெற்றோர் வாங்கிக் கொடுக்கின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் ஒருசாரார், 'ஆகவே இன நாயையே வாங்காதீர். தெருவிலே கிடக்கும் குட்டியை எடுத்து வளர்ப்பீர்' என்பர். அவ்வாறு எடுத்து வளர்ப்போர் வணங்கத்தக்கவர். இந்நாட்டிலே அத்தகையோர் இன்னும் பல்லாயிரவர் வேண்டும். தெருநாயைக் கொல்லும் கொள்கை 2006 இற் கைவிடப்பட்ட பின்னர், கருத்தடையும் தடுப்பூசியும் வளர்ப்போரின் பொறுப்புமே வழியென ஆகியுள்ளது. ஆயினும் அவர்களுடைய வாதம் முழுமையானதன்று. ஊர் நாய்க்கு நோயே வராதென்பது மிகை. அன்றியும், வளர்ந்தபின் எவ்வளவு பெருக்கும், எத்தகைய குணமுடையதாகும் என்பதை ஓரளவேனும் முன்னறிய வேண்டிய தேவை சிலர்க்கு உண்மையாகவே உண்டு. நோயாளர் உள்ள வீடு, சிறு பிள்ளைகள் உள்ள வீடு, பட்டிக்குக் காவல், கண்பார்வையற்றோர்க்கு வழிகாட்டல் எனத் தேவைகள் பல. இனம் என்பதன் நேர்மையான பயன் இதுவே. நகைப்புக்குரிய செய்தி யாதெனில், நாயின் குணத்தை முன்னறிய வேண்டிய தேவை மற்றெவரினும் மிகுதியாக உடைய பிரித்தானிய வழிகாட்டி நாய்ச் சங்கத்தார் மிகுதியும் பயன்படுத்துவது லபிறடோரையும் கோல்டன் றிற்றீவரையும் கலந்து பெற்ற நாயையே! தொழில் வேண்டுவோர்க்குத் தூய்மை வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இன நாயை வாங்குவது குற்றமன்று. வினவாது வாங்குவதே குற்றம். இங்கு 'எனக்கென்ன தெரியும், விற்றவனல்லவா ஏமாற்றினான்' என்று கூறித் தப்பமுடியாது. முதலாளித்துவச் சந்தையிலே பண்டத்தின் வடிவை நிர்ணயிப்பது அதற்குக் கிடைக்கும் விலை. மூக்கில்லாத நாய்க்கு இரட்டை விலை கொடுப்பவரே மூக்கைப் பறித்தவர்.

வினவ வேண்டியவற்றுள் தலையாயது தாய். குட்டிகள் பிறந்த இடத்துக்கே சென்று, தாயோடு அவை இருக்கும்போது காணல் வேண்டும். தாயின் குணம் குட்டியின் குணத்துக்கு முன்னறிவித்தல். அஞ்சி ஒதுங்கும் தாயும், காண்பவரைக் கடிக்கப் பாயும் தாயும் ஆயிரம் பட்டயங்களை விடத் தெளிவாகப் பேசும். அதன் மடி தொங்கி, விலா எலும்பு தெரிந்து, பருவந்தோறும் ஈன்று களைத்ததாயின் அங்கு நடப்பது வளர்ப்பன்று, ஆலை. ஒரு பெட்டை நான்கு முறைக்கு மேல் ஈன்றாலோ, இரண்டு முறைக்கு மேல் வயிறு கீறப்பட்டாலோ, அதன்பின் பிறப்பவற்றைப் பதிவதில்லை என்பது 2012 முதல் இங்கிலாந்துக் கெனல் கிளப்பின் விதி. அவ்விதி இங்கு செல்லாது. ஆனால் அக்கேள்வியைக் கேட்பதை எவரும் தடுக்கவில்லை. தந்தையை நேரிற் காண இயலாதிருக்கலாம். கடுவனை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, கூலியாக ஒரு குட்டியைக் கொடுப்பது வழக்கமாதலின் அதில் வியப்பில்லை. எனினும் அது தாய்க்கு என்ன உறவு என்பதைச் சான்றிதழிலிருந்தே கண்டுகொள்ளலாம். இரு பக்கத்துப் பாட்டன் பெயர்களும் ஒன்றாயிருப்பின் காரணம் கேட்கத் தயங்கலாகாது. உண்மையில், சான்றிதழால் விளையும் ஒரேயொரு நற்பயன் இதுவேயாக, அதற்குத்தான் எவரும் அதனைப் பயன்படுத்துவதில்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர்.

அடுத்தது பரிசோதனை. அல்சேஷியன், லபிறடோர் போன்ற பெருநாய்களில் இடுப்பு மூட்டு சரிவரப் பொருந்தாமை பரம்பரையாக வருவது. 1966 இல் அமெரிக்காவில் இதற்கென நிறுவப்பட்ட அமைப்பு, நாய்க்கு இரண்டு வயது நிறைந்த பின்னர் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்துக்கே இறுதித் தரம் வழங்குகின்றது. ஆகவே ஒன்றரை வயதுப் பெட்டைக்குப் பிறந்த குட்டியை விற்பவர், 'இடுப்பு நல்லது' என்று எதனைக் கொண்டு கூறுகின்றார் எனக் கேட்கவேண்டும். லபிறடோர் இனத்திற் படிப்படியாகக் கண்ணைக் குருடாக்கும் விழித்திரை நோய்க்கு டி.என்.ஏ. பரிசோதனை உண்டு. மெய்ன் கூன் பூனையின் இதயத்தசை நோயோடு தொடர்புடைய மாற்றமொன்று 2005 இல் அறியப்பட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய பட்டியல் இவ்வாறு உண்டு. விலை பேசச் செல்லுமுன் மிருகவைத்தியர் ஒருவரிடம் அரைமணி நேரம் அமர்ந்து அதனைக் கேட்டறிதல் கடினமன்று. பேராதனையிலே ஒரு மிருகவைத்திய பீடத்தை வைத்துக்கொண்டு, நாய் வாங்குவதற்கு விளம்பரத் தரகரிடம் ஆலோசனை கேட்பது படித்தவர்க்கு அழகன்று. 'இந்நாட்டில் அந்தப் பரிசோதனையெல்லாம் எவர் செய்கின்றார்' என்று விற்பவர் சிரிப்பார். எக்ஸ்-கதிர் எடுக்க இங்கு வசதியுண்டு. அதற்குரிய செலவையும் சேர்த்து விலை சொல்லட்டும், கொடுக்கலாம். செய்யாத பரிசோதனைக்கும் சேர்த்தன்றோ இன்று விலை கொடுக்கப்படுகின்றது!

வயது மற்றொன்று. நாலு கிழமைக் குட்டி பஞ்சுப் பொதிபோல இருக்கும். அதனாலேயே விரைவில் விலைப்படும். ஸ்கொற், புல்லர் என்னும் அறிஞர் இருவர் 1965 இல் வெளியிட்ட நூலிலே, மூன்றாங் கிழமைக்கும் பன்னிரண்டாங் கிழமைக்கும் இடைப்பட்ட காலமே நாய்க்குட்டி தன் இனத்தோடும் மனிதரோடும் பழகக் கற்கும் பருவம் எனக் காட்டினர். அப்பருவத்தின் தொடக்கத்திலேயே தாயிடமும் உடன்பிறப்புகளிடமுமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி கடியின் அளவை அறியாது. பின்னர் பிள்ளையைக் கடிக்கும். அதன்பின் தெருவுக்குப் போகும். எட்டுக் கிழமைக்கு முன் கொடுப்பவரிடம் வாங்குதல் ஆகாது. 1978 முதல் உலகெங்கும் பரவிய பாவோ வைரசு நோயையும் இங்கு மறத்தலாகாது. தொற்றிய நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிழமை உண்டு. வாங்கிய அன்று துள்ளிய குட்டி ஐந்தாம் நாள் இரத்தமாகக் கழிந்து இறப்பது இதனாலேயே. விற்றவர் அப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

விற்பவர் வாங்குபவரை வினவுகின்றாரா என்பதும் ஓர் உரைகல். வளவு எவ்வளவு, பகலில் வீட்டில் யார், முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று, வளர்க்க இயலாவிடின் மீண்டும் தன்னிடமே கொண்டுவர இசைவா என்று கேட்பவர் உண்மையான வளர்ப்பாளர். சிலர்க்கு இக்கேள்விகள் அவமதிப்பாகத் தோன்றுகின்றன. பெண் கொடுப்பவர் கேட்கும் கேள்விகளிற் பாதியைத்தானும் நாய் கொடுப்பவர் கேட்டால் அதில் என்ன இழுக்கு? 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதி உணவும் மருந்தும் எட்டா விலைக்கு ஏறியபோது, வளர்த்த விலங்குகளைக் கைவிட்டவர் பலர். வாங்கும்போது அக்கேள்விகள் கேட்கப்பட்டிருப்பின் அவர்களுட் பலர் வாங்கியிரார்.

இறுதியாக, இரக்கத்தினால் வாங்குவோர் உளர். கடைக்கூட்டிலே பீளை தள்ளிய கண்ணோடு நடுங்கும் குட்டியைக் கண்டு, பொறாது, விலைகொடுத்து மீட்டு வருகின்றனர். அவர் நெஞ்சம் நல்லது, செயல் நல்லதன்று. வெறுமையான அக்கூட்டுக்கு மறுகிழமை வேறொரு குட்டி வரும்; அதன் தாயை மீண்டும் கடுவனோடு சேர்ப்பதற்குரிய முதல், இரங்கியவர் கொடுத்த பணமே. இவ்வுண்மையை இங்கிலாந்து சட்டத்தால் ஏற்றுக்கொண்டது. வேல்சிலுள்ள குட்டியாலையொன்றிலே ஓயாது ஈனவைக்கப்பட்டு, 2013 இல் மீட்கப்பட்டு, 2016 இல் இறந்த லூசி என்னும் கவாலியர் பெட்டையின் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்பிரலில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ வணிக முறையில் விற்பவர், அதனைத் தாமே தம் இடத்திற் பிறப்பித்தவராயிருத்தல் வேண்டும். கடைக்காரரும் தரகரும் அத்தோடு விலக்கப்பட்டனர். நோர்வேயின் உயர்நீதிமன்றமோ 2023 இல் இன்னும் ஒருபடி சென்று, கவாலியர் இனத்தை இன்றைய நிலையிற் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணென்றே தீர்த்தது.

இலங்கையிலோ விலங்கு வதைக்கெதிராகப் பிரித்தானியர் 1907 இல் இயற்றிய 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நூறு ரூபா தண்டத்தோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நின்று வந்துள்ளது. அன்று நூறு ரூபா பெருந்தொகை. இன்று ஒரு வேளை நாயுணவுக்கும் போதாது. சட்டம் வருமளவும் காத்திருக்க வேண்டியதில்லை. தாயைக் காட்டமாட்டேன் என்பவரிடம் குட்டியை விட்டுவிட்டுத் திரும்பி வருதல் ஒவ்வொருவராலும் இயல்வதே. பஸ் கட்டணம் மட்டுமே நட்டம்.